ஜெபதுரை மேஸ்திரியின் ஊதுபத்தி

ஆடிக் கிருத்திகையன்று எங்கள் பஸ் மலையடிவாரத்தில் நின்றுபோனது. எஞ்சினுக்கு ஊற்ற ஜெபதுரை மேஸ்திரி குளத்திலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். காவடிகள் போய்க்கொண்டிருந்த நேரம். காவடி சுமந்த கிழவர் ஒருவர் கொதிக்கும் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாமல் தத்தித் தத்தி வந்தார்.  மேஸ்திரி குடத்தைச் சாய்த்து, கிழவர் அடுத்து கால் வைக்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். குடம் தீர்ந்ததும் மறுபடி குளத்துக்குப் போனார். தண்ணீர் ஊற்றியவர் வேதக்காரர், கிறிஸ்தவர் என்று அந்தக் கிழவருக்குத் தெரியாது. மேஸ்திரியும் அதைப் பற்றி அப்புறம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நான் வீரபத்திரன், அந்த பஸ்ஸின் டிரைவர். திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் ஓட்டினேன். ரிப்பேர் பார்க்கிற மேஸ்திரி வண்டியோடேயே வருவார். யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் பின்னால் இரும்பு அடுப்பு கட்டி, அதில் கரியை எரித்து, அந்தக் கேஸை நீளக் குழாய் வழியாக எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். வண்டியோ யுத்தத்துக்கு வெகு முந்தியது. எங்காவது ஒரு மூட்டில் மயிரிழை சந்து விட்டால் போதும், வெளிக்காற்று உள்ளே புகுந்து கேஸை நீர்க்கச் செய்துவிடும். அப்புறம் எஞ்சின் ஒரு நிலையில் நிற்காது. ஏறும், இறங்கும், முனகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் செத்துப்போகும். கேஸ் வெளியே வந்தாலாவது மூக்குக்குத் தெரியும். உள்ளே போகிற காற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? சோப்புத் தண்ணீர் தடவினாலும் நுரை விடாது.

அதைக் கண்டுபிடிக்கிறவரை மேஸ்திரியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பாட்டு மூட்டையை அவிழ்ப்பார், கட்டுவார், எழுந்து போய்க் குழாயில் காது வைப்பார். அவர்கள் வேதக் கோயிலில் பாட்டு நடக்கும்போதுகூட ஆர்மோனியத் துருத்தியில் காற்று ஒழுகுவதுதான் அப்பா காதில் விழும் என்று அவர் மகள் கிருபா சொல்லிச் சிரிப்பாள்.

அவருக்குக் கைகொடுத்தது என் ஊதுபத்தி. என் சீட்டுக்கு மேலே தணிகை முருகன் படம் மாட்டியிருந்தேன். தினமும் மாலை போட்டு ஒரு பத்தி ஏற்றுவேன். மேஸ்திரி அதை வாங்கி, எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே போவார். சந்து இருக்கிற இடத்தில், நூல்போல் எழும்புகிற புகை வளைந்து உள்ளே போய்விடும். ஆனால் படத்துக்குக் காட்டிய பத்தியை அவர் தொடமாட்டார்.

"உன் சாமிக்குப் படைச்சதை நான் எடுக்கக் கூடாது நைனா. எங்க வேதத்துல அப்படி."

பத்திக்கும் அப்போது தட்டுப்பாடு. அதனால் அவர் வேலை பார்த்த மிச்சத்தைத்தான் நான் முருகனுக்கு வைத்தேன். மனசு உறுத்தும். பஸ் ஓடவேண்டுமே என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

கிருபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் சபையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்பவர் உண்டா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரம் சபை மூப்பர் சத்தியநாதன் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தார். மாலை போட்ட முருகன் படம், திறந்த எஞ்சின், பத்தியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிற மேஸ்திரி. எல்லாம் ஒன்றாகக் கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னா ஜெபதுரை, பஸ்ஸுக்கு ஆரத்தியா?"

"காத்து எங்க போவுதுன்னு பாக்கறேங்க ஐயா."

"காத்தாவது கீத்தாவது! பூஜை பண்றவன் வூட்டுக் கல்யாணம் நம்ம கோயில்ல நடக்காது. சோளிங்கர் போயி போதகர்கிட்ட சொல்றேன். மூணாவது ஓலை நின்னுச்சுன்னு வெச்சுக்க."

ஓலை முடிகிறவரை பத்தியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே மேஸ்திரி மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் மூப்பர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, எங்கள் பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்தார்.  கண்டிகை தாண்டியதும் வண்டி இழுவை விட்டு நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஏறி இறங்கி முனகிக்கொண்டிருந்தது.

நான் மெதுவாகச் சொன்னேன். "மேஸ்திரி, வுட்டுடுங்க. இன்னிக்கி வண்டி ஓடவே வேணாம். நாளைக்கி ஓலை வாசிச்சுடுவாங்க."

அவர் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "நீ சொல்றது காதுல விழுது நைனா. அந்த எஞ்சின் முனகறதும் விழுதே. இத்தினி பேரு உக்காந்துகினு இருக்காங்களே."

காது வைத்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிடிபடவில்லை. ஜனங்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். புகைதானே வேண்டும் என்று ஒருவன் பீடியை நீட்டினான்.

"இழுக்கலன்னா அது அணைஞ்சுடும்பா. இழுத்தா எங்க மூப்பர் அதுக்கும் சேத்து சொல்லுவாரு" என்றவர், சட்டென்று திரும்பினார். "மூப்பரய்யா, கொஞ்சம் எறங்கி வாங்க. நான் பத்தியைத் தொடறதில்லன்னு சொல்லிட்டேன். நீங்க புடிங்க."

"நானா?"

"நீங்கதானே சோளிங்கர் போவணும்?"

மூப்பர் என்னைப் பார்த்தார். "படத்துக்குக் காட்டினதா இது?"

"இன்னும் காட்டலைங்க" என்று கொளுத்திக் கொடுத்தேன்.

தேளைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்தார். மேஸ்திரி காட்டின இடமெல்லாம் கொண்டுபோனார். புகை நேராகவே எழும்பியது. குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில் மட்டும் வளைந்து அடியில் போய் மறைந்தது. மூப்பர் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி காட்டினார். மறுபடி போனது.

"அடே, உள்ள போவுதுய்யா!" கோட்டில் கரி ஒட்டுவதைக்கூடக் கவனிக்காமல் குனிந்துவிட்டார்.

பீடிக்காரன் விடவில்லை. "சாமீ, அப்படியே எங்களுக்கும் காட்டுங்க, தொட்டு கும்பிட்டுக்கறோம்!"

பஸ்ஸே சிரித்தது. மேஸ்திரி சூடு தாங்குகிற கயிற்றை அந்த மூட்டில் சுற்றி போல்ட்டை இறுக்கினார். எஞ்சின் அடங்கி ஒரே சீராக ஓடியது. நான் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். கல்யாணத்தை நிறுத்தப் போகிறவரை நாங்களே கூட்டிக்கொண்டு போகிறோமே, முருகா!

சோளிங்கரில் மூப்பர் இறங்கிப் போதகர் வீட்டுப் பக்கம் நடந்தார். வழியில் நின்று விரலை முகர்ந்தார். குழாயடியில் கழுவினார், முகர்ந்தார். மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி முகர்ந்தார். மேஸ்திரி அந்தப் பக்கமே பார்க்காமல், இறுகியிருந்த போல்ட்டுகளையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் திரும்பக் கிளம்பும்போது மூப்பர் வந்து ஏறினார்.

"போதகரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"இந்தச் சந்தன வாசனைக் கையை வெச்சுகினு எப்படிப்பா போய் நிக்கறது? வண்டியை எடு."

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. அடுப்பைக் கழற்றினார்கள். மேஸ்திரி, கிருபாவோடு இருக்கலாம் என்று அவள் வாழ்க்கைப்பட்ட கோலாருக்குப் புறப்பட்டார். ஸ்டேஷனில் பெட்டியை வைத்தார், எடுத்தார், ரயில் வந்த பிறகும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். வெளியே என் பஸ் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அவர் காது இருந்தது. அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ரயில் அசைந்ததும் ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"வீரபத்திரா, இத்தினி வருசமா உன் சாமிக்கு முன்னாடி நானே வாங்கிக்கினேன். இனிமே மொதல்ல அவருக்குக் காட்டு. மிச்சத்தை எஞ்சினுக்குக் காட்டு. அது ஒண்ணும் நெனச்சுக்காது."