நிறமில்லாத தண்ணீர்

பூவம்மாளின் சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் என்று யாரும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வெளியே ஓடும் கால்வாயே சொல்லிவிடும். அரக்குச் சேலைக்குப் பட்டு நனைத்தால் அரக்கு, மயில்கழுத்து என்றால் பச்சையும் நீலமும். அப்படியே போய் வேகவதியில் விழும். கோடையில் அந்த இடத்தில் ஆறு என்று ஓடுவதே அந்தத் தண்ணீர்தான்.

கொஞ்சம் கீழே, கரையோரக் குத்தகை நிலத்தில் அவள் தங்கை துர்கா கீரை போட்டுப் பிழைத்தாள். ஆற்றில் மோட்டார் வைத்துத்தான் பாய்ச்சல். போன வருஷம் ஒருநாள் சிறுகீரைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அக்காள் முன்னால் போட்டாள். வேரெல்லாம் நீலம்.

"இத யாருக்கா வாங்குவாங்க? இன்னொரு தபா வீணாப்போனா நெலத்த விட்டுட்டு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் கழுவப் போன்னு சொல்லிட்டாரு எங்க வூட்டுக்காரரு."

பூவம்மாள் பிடிவாதக்காரி. பிடிவாதத்தை நல்லதுக்கு வைத்துக்கொண்டால் அதில் என்ன குறை, சொல்லுங்கள். பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, சாயத்தண்ணீரைச் சொட்டு விடாமல் அதில் கொண்டுபோய் ஊற்றினாள். வெயில் குடித்தது போக, அடியில் நின்ற சேற்றை மூட்டை கட்டி அடுக்கினாள். மகன் ராஜவேலுவுக்கு இடுப்பு ஒடிந்தது.

"யம்மா, இந்தக் குழிக்குப் பொட்டு வெச்சுப் பூவும் சாத்திடேன்."

"சாத்துறேன்பா. நீ மொதல்ல குடத்தத் தூக்கு."

கால்வாய் மெல்ல வெளுத்தது. தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. அதைக் காட்டத்தான் துர்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"பாத்தியா, கண்ணாடியாட்டம் இருக்குது. என்னிய நம்பி வெதை."

துர்கா நம்பி விதைத்தாள். முளை நன்றாகத்தான் வந்தது. விரல் உயரம் எழுந்ததும் இலை ஓரம் பழுத்து, நுனி சுருண்டு, பாத்தி பாத்தியாகக் கருகியது.

பூவம்மாளுக்கு வந்த ஆத்திரம் மேலண்டைப் பட்டறைக்காரன் தாவீதின் மேல் பாய்ந்தது. அவன் வாசலில் போய் நின்றாள்.

"நான் குழி வெட்டிக்கினு சாவுறேன். நீ எதடா தொறந்து வுடுற?"

"உள்ள வந்து பாருக்கா. வேலை இல்லாம மூடிக் கெடக்குது. அடுப்புல பூனை குட்டி போட்டுக்கினு இருக்குது."

எட்டிப் பார்த்தாள். குட்டிகளும் இருந்தன.

அங்கிருந்து துர்காவின் நிலத்துக்கு நடந்தாள். காலில் சேறு. மோட்டார் இறைத்த தண்ணீரில் காலைக் கழுவி, கையையும் அலம்பினாள். விரல்கள் வழுக்கின. இன்னொரு முறை அலம்பினாள். வழுவழுப்பு போகவில்லை.

அந்த வழுவழுப்பு அவள் கைக்குப் பழகியது. கச்சாப் பட்டில் பசை இருக்கும். சாயம் பிடிக்க வேண்டுமானால் முதலில் சோப்பும் சோடாக் காரமும் போட்டு வேகவைத்துப் பசையை எடுக்க வேண்டும். அந்தக் காரத்தண்ணீருக்கு நிறம் கிடையாது. அதனால் அதைக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் நிறத்தைப் பார்த்தே எதையும் எடைபோட்டவள். முன்பு சாயத்தில் சேர்த்த அமிலமாவது கால்வாயில் கலந்து காரத்தை முறித்தது; இப்போது சாயத்தைக் குழிக்கு அனுப்பிவிட்டு, செடியைப் பொசுக்கும் காரத்தை மட்டும் தங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"தாவீது இல்லடி, நான்தான்," என்று பாத்தியில் நின்ற துர்காவிடம் சொன்னாள்.

துர்கா கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கும் பட்டு வேகவெப்பியாக்கா?"

ஆவணி முகூர்த்தச் சேலைகளுக்கு வைகாசியிலேயே பட்டு வந்து குவிந்திருந்தது.

மறுநாள் வேகவைக்கவில்லை. கால்வாய் வாயை மண்மூட்டை வைத்து அடைத்தாள். பட்டு கொடுத்தவர்கள் வந்து சத்தம் போட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். அங்கே காரத்தண்ணீர் எங்கே போகிறது என்று அவள் கேட்டாள். யாரும் சொல்லவில்லை. சாயத்தைவிடக் காரத்தண்ணீர் நாலு பங்கு வரும். அதற்குத் தக்கபடி ராஜவேலுவும் அவளும் இன்னொரு குழி வெட்டத் தொடங்கினார்கள். மண்ணெல்லாம் பாறையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை துர்காவை ஏற்றிப்போக ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேன் பட்டறைப் பக்கத்துச் சாலையில் வந்து நின்றது. குழிக்குள் நின்றபடியே பூவம்மாள் தங்கையைப் பார்த்தாள்.

"ஆடியில வந்து வெதைக்கிறியாடி?"

"மொதல்ல நீ ஆத்துத் தண்ணியில கையக் கழுவிப் பாரு. வழுக்கலன்னா சொல்லு," என்று சொல்லிவிட்டு துர்கா வேனில் ஏறினாள்.