இன்னும் கொஞ்சம் சோறு

லாரி ஓட்டிய என் கணவர் எச்.ஐ.வி.யால் இறந்தபோதுதான் எனக்கும் அது இருப்பது தெரிந்தது. உடம்பு இளைத்து முப்பத்திரண்டு கிலோவுக்கு வந்தேன். என் காதுபடவே கொழுந்தன், "இது ஆறு மாசந் தாங்காதுங்க. அப்பனூட்டுல போய்க் கெடக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அவன் முன்னால் உயிரோடு நிற்க வேண்டும் என்றே மாத்திரையைத் தவறாமல் விழுங்கினேன். வாந்தி எடுத்தாலும் மறுபடி சாப்பிட்டேன். எடை ஐம்பதைத் தாண்டியது.

மூன்று வருடம் கழித்து, புதுச்சத்திரத்தில் அவன் மகள் கல்யாணத்துக்கு அழைக்காமலே போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறிக்கொண்டே வந்தவன், "எந்த ஊருங்க நீங்க?" என்றான்.

"உங்க அண்ணன் சம்சாரந்தானுங்க. இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டான். நான் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மன்னிக்கவில்லை. நோய் வந்தபின் எனக்கு முதன்முதலாக ருசித்த சாப்பாடு அது.