நிதர்சனாவின் விமானமும் உப்புக்காற்றும்

முல்லைத்தீவில் அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்தும் கடையொன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள் நிதர்சனா. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பதில் அவளுக்கு ஈடாக அந்தப் பக்கத்தில் ஆளில்லை. புருஷன் டிலக்ஸன் வலை வைக்கும் கொட்டிலில், ஒருவர் இருந்து ஓட்டும் சின்ன விமானமொன்றை வரைபடம் வாங்கி அவள் கட்டத் தொடங்கியபோது ஊர் சிரித்தது. வால் பகுதி முடிந்து வெளியே வந்ததும் சிரித்தவர்களே அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இறக்கையில் கை வைத்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. தகடுகளை மூடுவதற்கு முன்னர் உட்பக்கம் அரிப்பைத் தடுக்கும் பிறைமர் பூசுவதா, விடுவதா? கட்டுகிறவரின் விருப்பம் என்றது வரைபடப் புத்தகம். பூசினால் விமானத்தின் பாரம் நாலு கிலோ கூடும். அந்தச் சின்ன எஞ்சினுக்கு அது பெரிய சுமை. வாலை அவள் பூசாமலே மூடியிருந்தாள்.

"அலுமினியம் துருப்பிடிக்காதுதானே, விடன்," என்றான் டிலக்ஸன்.

"புத்தகம் எழுதினவர் எங்கட கடற்கரையில இருந்து எழுதேல்லை. பாத்துப்போட்டுச் செய்வம்."

தகட்டுத் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ரிவெட் அடித்தாள். ஒரு சோடிக்குப் பிறைமர் பூசினாள், மற்றதற்குப் பூசவில்லை. இரண்டும் டிலக்ஸனின் படகில் ஏழு மாதம் கடலுக்குப் போய் வந்தன. பிறகு பிரித்துப் பார்த்தாள். பூசாத சோடியில் தகடுகள் ஒட்டிக்கிடந்த இடம் அரித்து வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. பூசியது போட்டபடியே இருந்தது.

டிலக்ஸன் கனநேரம் தடவிப் பார்த்தான். "அப்ப பாரத்துக்கு என்ன செய்யப்போறாய்?"

"தகடும் தகடும் சந்திக்கிற இடத்துக்கு மட்டும் பூசுவன். ஒண்டரைக் கிலோதான் வரும். எஞ்சின் தாங்கும்."

"வால்?"

"பிரிக்கிறன்."

முந்நூற்று நாற்பது ரிவெட்டுகள். துளை பெருக்காமல் ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்தாள். மூன்று ஞாயிறு, தேவாலயப் பூசையால் வந்த கையோடு அதே வேலை. ஒரு தகடுகூடப் பழுதாகவில்லை. பிறகு வாலுக்கும் இறக்கைகளுக்கும் பொருத்துகளில் மட்டும் பிறைமர் பூசினாள்.

பங்குனியில், தகடுகளை மூடுவதற்கு முன் பரிசோதிக்க விமானப் பொறியியலாளர் செல்வநாயகம் வந்தார். டோர்ச் அடித்து ஒவ்வொரு பொருத்தாகப் பார்த்தார்.

"ஆர் பூசினது?"

"நான்தான், ஐயா."

"இருபது வருசமாப் பாக்கிறன், தங்கச்சி. இவ்வளவு துப்புரவான வேலை கனக்கக் காணேல்லை."

மூடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை டிலக்ஸனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"மனிசியிட்டைக் குடுங்கோ ஐயா. அவா கட்டினது."

அன்று பின்னேரமே இடது இறக்கையை நிதர்சனா மூடினாள்.