மாமா வேண்டாம் என்ற படகு

வேதமுத்து மாமா இறந்த செய்தி வந்தபோது நானும் ஸ்டெல்லாவும் தையல் வகுப்பில் இருந்தோம். ஸ்டெல்லா மாமாவின் மகள். தலைமையாசிரியை வாசலில் நின்று அவளை மட்டும் அழைத்தார். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் போனாள்; திரும்பி வரவில்லை. மாலையில் அவள் பையையும் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த மாமா பிறகு எழுந்திருக்கவேயில்லை என்று கண்டக்டர் சொன்னார்.

சனிக்கிழமை இரங்கல் கூட்டத்துக்காகப் படிப்பகத்தில் கூடப்போகிற உங்கள் எல்லாருக்கும் மாமாவைத் தெரியும். எங்கள் அப்பாவும் அவரும் மைன்ஸ் பட்டறையில் ஃபோர்மேன்கள், நெருங்கிய நண்பர்கள். பிள்ளைகள் சார்பில் நான் பேச வேண்டும் என்றார்கள். நல்ல மனிதர் என்று நான்கு வரி சொன்னால் போதும் என்றார் அப்பா. அதை அன்றே எழுதிவிட்டேன். இதை, அப்பா நைட் ஷிப்ட்டுக்குப் போன பிறகு எழுதுகிறேன். வெளியே சைக்கிள் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது.

பெருமாள் ஏரியில் ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்மரப் படகு ஓட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் ஊருக்குத் திரும்பப்போகிறார், படகை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கலாம் என்று அப்பாதான் ஆரம்பித்தார். மாமா தூத்துக்குடிக்காரர், கடலோரத்தில் வளர்ந்தவர். இருந்தும் அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "குவார்ட்டர்ஸ் வாசல்ல கடலா இருக்கு, கோவிந்தா? டிரெய்லர்ல ஏத்தி ஜீப்புல கட்டி இழுத்துட்டுப் போகணும். பொம்பளையளும் புள்ளைகளும் சேந்து தள்ளுனா தண்ணியில எறங்கணும். அம்புட்டு லேசா இருக்கணும், ஆனா ஆடக்கூடாது. போய்ப் பாப்போம்" என்றார்.

எல்லாரும் ஏரிக்குப் போனோம். வெள்ளை நிறம், நீண்ட ஒடுங்கிய உடம்பு, உயரமான பாய்மரம். பார்க்க அவ்வளவு அழகு. மாமா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு எங்களை ஏறச் சொன்னார். பாயை விரிக்கவேயில்லை. "இப்ப எல்லாரும் ஒரு பக்கமா வாங்க" என்றார். நான், தம்பி, ஸ்டெல்லா மூன்று பேர் நகர்ந்ததுமே விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அம்மா பயந்து எழுந்து நின்றாள். படகு இன்னும் சாய்ந்தது. மாமா தோளைக் கொடுத்து நிமிர்த்தினார்.

கரையிலிருந்து அப்பா சிரித்தார். "இன்னா பயம்? ஓடற படகு சாயத்தான் செய்யும். காடாம்புலியூர்ல கெணத்து மேட்டுலேர்ந்து குதிச்சிகினு வளந்தவன் நானு. இந்த ஏரி எனக்கு எம்மாத்திரம்?"

"கெணத்துல காத்து அடிக்குமா? நீரு தனியாப் போறதா இருந்தா இதையே வாங்கும். தங்கச்சியையும் புள்ளைகளையும் கூட்டிட்டுப் போறதுக்கு இது வேண்டாம்."

"பார்றா, தூத்துக்குடிக்காரனுக்குத் தண்ணின்னா பயம்."

"ஆமாவே. அதான் உசிரோட நிக்கேன்" என்றார் மாமா.

அடுத்த வாரம் கடலூர் முதுநகரில் ஒரு தச்சர் செய்து வைத்திருந்த படகைப் பார்த்தோம். அகலமான அடி, குட்டைப் பாய்மரம், சின்னப் பாய். அப்பா அதை மாவு பிசைகிற தொட்டி என்றார். அதைத் தண்ணீரில் இறக்கி, மாமா தவிர மற்ற ஆறு பேரும் ஏறி ஒரே பக்கம் நின்றோம். கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. "இந்தத் தொட்டியே இருக்கட்டும்" என்று மாமா முடிவு சொன்னார். அப்பாவும் தலையாட்டினார். பத்து நாளில் மாமா இல்லை.

அப்பா அழுததை நான் முதல் முறை பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள் வெள்ளைப் படகு டிரெய்லரோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா இரண்டு நாள் லீவு போட்டு, அதன் பக்கத்தில் நீல பெயிண்டில் "வேதமுத்து" என்று எழுதினார். சனிக்கிழமை கூட்டத்தில் அதை உங்களிடம் சொல்லப்போகிறார். மறுநாள் எங்களையும் ஸ்டெல்லா வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு ஏரியில் போகப்போகிறார். "அவன் ஆசப்பட்டது. நாம செய்யாம யாரு செய்யறது?" என்கிறார். எதிர்த்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஸ்டெல்லாவின் அம்மா அந்தப் பெயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்பா மாமாவை ஏமாற்றவில்லை. அது எனக்குத் தெரியும். நண்பர் பெயர் அழகான படகில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் மாமா வேண்டாம் என்று சொன்ன படகு அது. எங்கள் இரண்டு வீட்டிலும் இப்போது நீந்தத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். தம்பிக்கு ஐந்து வயது. அன்று ஏரியில் காற்றுகூட இல்லை. பாய் சுருட்டியே இருந்தது. அப்போதே தண்ணீர் உள்ளே வந்தது.

மாமாவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். அன்று ஏரியிலிருந்து திரும்பும்போது ஜீப்பில் அம்மா தலை குனிந்தே இருந்தாள், தன்னால்தான் படகு சாய்ந்தது என்று. மாமா அவளிடம் சொன்னார்: "பயம் தப்பில்ல தங்கச்சி. பயந்துட்டுப் பேசாம இருந்து, பொறவு திடீர்னு எந்திரிக்கோம்லா, அதுதான் கவுத்துப்புடும். பயமா இருக்குன்னு உக்காந்த எடத்துலயே வாயத் தெறந்து சொல்லிரணும்."

நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அப்பா திருத்திக் கொடுத்த நான்கு வரியையும் படிப்பேன். அதை முடித்ததும் இதையும் படிப்பேன். அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் படகில் ஏற மாட்டேன். தம்பியையும் ஏற்றாதீர்கள்.