கடலுக்கு மேல் நின்ற மலை

காலை ஐந்தே முக்காலுக்கு வசந்தாம்மா என் குடிலின் கதவைத் தட்டினார். "தம்பி, எங்க வீட்டுக்காரரைக் காணோம். செருப்பு வாசல்லயே கெடக்குது."

எங்கள் ஊரில் விடியலில் வெறுங்காலோடு கிளம்புகிறவர் மலை சுற்றத்தான் போகிறார். இங்கே மலை இல்லை. திருவண்ணாமலையை விட்டு மூன்று மணி நேரம் வேனில் வந்து, கடற்கரையில் தங்கியிருந்தோம்.

நான் டைம்ஷேர் கம்பெனியில் மெம்பர் ரிலேஷன்ஸ் பார்க்கிறேன். பணம் கட்டிச் சேர்ந்தவருக்கு வருடத்தில் ஒரு வாரம் ரிசார்ட்டில் குடில் உண்டு. எங்கள் ஊர் மெம்பர்களை அழைத்துவந்து, கூடவே தங்கி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. ரிசார்ட் என்றதும் பளிங்குத் தரையை நினைக்க வேண்டாம். பனையோலைக் கூரை, சாணம் மெழுகிய தரை. டிவி இல்லை, ஏசி இல்லை. காற்று மட்டும் ஓலைகளை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும், எதையோ தேடுவது போல.

வசந்தாம்மாவின் கணவர் கோதண்டம் சார், கலெக்டர் ஆபீசில் ரிட்டயரானவர். வீடு எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில். புக்கிங் பாரம் நிரப்பும்போது அம்மா குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி, தம்பி. அதையும் எழுதணுமா?"

எழுதினால் பின்வரிசைக் குடில்தான் கொடுப்பார்கள், கடல் தெரியாது. "விடுங்கம்மா, வயசானா யாருக்குத்தான் இல்ல" என்று சொல்லி, 'தனிக் கவனிப்பு' என்ற கட்டத்தில் 'தேவையில்லை' என்று எழுதினேன். பேனா தயங்கவே இல்லை.

ஈர மணலில் கால்தடம் வடக்கே போயிருந்தது. தள்ளாட்டமில்லாத, ஒரே அளவான தடம். அதன் பின்னால் ஓடிக்கொண்டே வலப்பக்கம் பார்த்தேன்.

கடலுக்கு மேல் எங்கள் ஊர் மலை நின்றது. அதே முகடு, அதே சரிவு. மேகம், மேகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலை விழுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

மலையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவது எங்கள் வழக்கம். அப்படிச் சுற்றினால் பாதை வலப்பக்கமே வளையும். இங்கே வலப்பக்கம் இருந்தது கடல். கரை முடிகிற இடத்தில் ஒரு மணல்திட்டு, யாரோ போட்டுவைத்த பாதை போலக் கடலுக்குள் வளைந்து கிடந்தது. தடமும் அதில் வளைந்தது.

திட்டின் நுனியில் முழங்கால் தண்ணீரில் சார் நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன், உதறினார்.

"பாதியில திரும்பக் கூடாதுங்க, தெரியாதா? எந்த ஊரு நீங்க?"

"திருணாமலைதாங்க சார்."

"அப்புறம் என்ன? வாங்க, கூட்டம் கம்மியாத்தான் இருக்கு."

என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. அடுத்த அலை இருவரையும் இடுப்பில் அடித்தது. இழுத்தால் சேர்ந்தே விழுவோம். வாயில் வந்ததைச் சொன்னேன். "சார், முன்னாடி போலீஸ்ல தட்டி வெச்சு அடைச்சிருக்காங்க. இந்தப் பக்கமா சுத்திப் போகச் சொல்றாங்க."

தீபத் திருவிழாவில் எங்கள் ஊர்க்காரர்கள் வருடாவருடம் கேட்டுப் பணிகிற வார்த்தை அது. சார் நின்றார்.

"ஆர்டர் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க சார்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதில்ல இவனுங்க" என்று அலுத்துக்கொண்டே திரும்பினார். தோளைப் பற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன்.

அன்றே மேனேஜரிடம் போய், கட்டத்தில் பொய் எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். மெமோ கொடுத்தார்கள். சாரைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். மதியம் பார்க்கப் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மெல்லக் கேட்டார்.

"நீங்களும் பாத்தீங்களா, தம்பி?"

"அது மேகம்மா."

"மேகம்னா கலைஞ்சிருக்கணுமே. வந்த நாள்லேர்ந்து நானும் பாக்குறேன். அவருகிட்ட சொல்லல."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது: பாரத்தில் கேட்டிருப்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கடல் தெரியவில்லை என்று மெம்பர் நம்மைத் திட்டிவிட்டு ஊருக்குப் போகட்டும். பத்திரமாகப் போய்ச் சேரட்டும்.

இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஊர் வேன் வரும் வாரங்களில், விடிவதற்கு முன்பே அந்த மணல்திட்டு தொடங்கும் இடத்தில் போய் நின்றுகொள்கிறேன். முகம் கரைக்கு, முதுகு கடலுக்கு. வெயில் நன்றாக ஏறும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை.