ரெஜினாவின் தேதி போட்ட நோட்டு

படூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சங்கச் செயலாளர் நான்தான். பெயர் பார்த்தசாரதி. கல்பாக்கத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் லாரி வராவிட்டாலும், நாய் குரைத்தாலும், மேல் வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தாலும் என் தலைதான் உருளும். அதனால் முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இது ரெஜினாவின் கதை. இதில் நான் நல்ல பேர் வாங்கப் போவதில்லை.

ரெஜினா எங்கள் கேமரா அறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். ஏ பிளாக்கின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை திரையில் பதினாறு கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் கிடையாது, படம் மட்டும்தான். வயது முப்பத்தாறு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி ஸ்டான்லி ஊரப்பாக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். இவள் கேளம்பாக்கத்தில் ஒற்றை அறையில். மூன்று வருஷத்தில் அவள் பெயரை நான் ஒரு தடவை சொல்லியிருந்தால் அதிகம். "கேமரா ரூம்ல கேளுங்க" என்பேன். அவ்வளவுதான்.

அவளுக்குப் படம் வரைய வரும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சிறு வயதில் சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தெர்மாகோலில் மேய்ப்பர்களை வரைந்து வெட்டுவாளாம். அதோடு நின்றுபோயிற்று. போன வருஷம் போனில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறாள். கார்ட்டூன் தொடர்கள் செய்யும் சென்னை ஸ்டுடியோ ஒன்றின் ஓவியர்களே ஆன்லைனில் கதாபாத்திரங்களை உருவாக்கி வரையக் கற்றுத்தருகிறார்கள். பன்னிரண்டு வாரம், ஞாயிறு மதியம் வகுப்பு. முடிவில் நாற்பது பேரில் மூன்று பேரை ஸ்டுடியோவிலேயே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். ரெஜினா சேர்ந்தாள். அந்த மூன்று இடத்தில் ஒன்று கிடைத்தால் அடித்தளத்தை விட்டு வெளியே வந்துவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு.

சொல்லிக்கொடுத்தவள் ஹரிப்ரியா. ரெஜினாவை விடப் பத்து வயது சின்னவள். முதல் வகுப்பிலேயே இரண்டு கட்டளை போட்டாள். தினமும் கண்ணில் படும் மனிதர்களை வரைய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி, நேரம், இடம் எழுத வேண்டும். அப்போதுதான் கை எப்படி முன்னேறுகிறது என்பது தெரியும். ரெஜினா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

தினமும் அவள் கண்ணில் பட்டவர்கள் யார்? திரையில் வந்தவர்கள்தான். நாங்கள்தான்.

ஒன்பதாவது வாரம் ஹரிப்ரியா எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். "ரெஜினா, கோடு எல்லாம் சூப்பரா இருக்கு. ஆனா உங்க ஆளுங்க எல்லாருக்குமே தலை பெருசு, கால் சின்னது. எல்லாரையும் கூரையில உக்காந்து பாக்குற மாதிரியே ஏன் போடுறீங்க? ஒருத்தர்கூட நம்மளைப் பாக்கவே மாட்டேங்குறாங்களே?"

ரெஜினாவுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு அடி உயரத்தில் மாட்டிய கேமராவின் கண் அவளுக்கும் வந்துவிட்டது. கடைசிப் பாடமும் அதற்கேற்றாற்போல வந்தது. உயிருள்ள ஒருவரை எதிரில் உட்கார வைத்து, கண்ணுக்குக் கண் பார்த்து, ஒரே ஒரு பாத்திரத்தை உருவாக்க வேண்டும். அதை வைத்துத்தான் அந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரு மணி நேரம் எதிரில் உட்கார ஒரு ஆள். எனக்கும் உங்களுக்கும் இது ஒரு விஷயமே இல்லை. அவளுக்கு ஆள் இல்லை. ஊரப்பாக்கத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். ஸ்டான்லி பத்து நிமிஷம் உட்கார்ந்தான், பத்து நிமிஷமும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டில் நிற்கும் காவலாளி சின்னராசு, "இன்னா ரெஜினா, ஆதார் கார்டுக்கா?" என்று சிரித்து, விறைப்பாக சல்யூட் அடித்தபடி நின்றார். பக்கத்து அறைப் பெண் ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம்.

பிறகுதான் லோகநாயகி அம்மாவின் நினைவு வந்தது. பி பிளாக் ஏழாவது மாடி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். தினமும் நாலு மணிக்கு லிஃப்டில் இறங்குவார். உள்ளே வேறு யாரும் இல்லாவிட்டால் கையை ஆட்டி யாருடனோ பேசுவார், முந்தானையைச் சரிசெய்வார், கண்ணாடியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். கதவு திறந்ததும் சிரிப்பு போய்விடும். ரெஜினா நாலு மணிக்காகக் காத்திருப்பாளாம். நோட்டில் அவரை மட்டும் அறுபத்திரண்டு தடவை வரைந்திருந்தாள். "என் கூட இருந்த ஒரே ஆளு அவங்கதான் சார்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அந்த அம்மாவுக்கு இவள் இருப்பதே தெரியாது.

ஒரு சனிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, நல்ல சுடிதார் உடுத்தி, போய் மணி அடித்தாள். கம்பிக் கதவுக்குப் பின்னால் மரக்கதவு பாதி திறந்தது.

"யாரும்மா?"

ரெஜினாவுக்கு ரொம்ப நாள் பழகிய சிநேகிதி வீட்டுக்கு வந்த மாதிரி இருந்திருக்கிறது. வாய் முந்திக்கொண்டது. "கால் எப்டிம்மா கீது? செவ்வாக்கெழமையிலேர்ந்து எடது காலை இஸ்துகினு நடக்கிறீங்களே."

"நீ யாரு? உனக்கு எப்படித் தெரியும்?"

"பயப்படாதீங்கம்மா. நான் கேமரா ரூமு. படம் வரையக் கத்துகினு இருக்கேன். இங்க பாருங்க, உங்களத்தான் போட்டுகீறேன்." சொல்லிக்கொண்டே நோட்டைக் கம்பி வழியாக நீட்டிவிட்டாள்.

லோகநாயகி அம்மா இரண்டு பக்கம் புரட்டினார். மார்ச் நாலு, மாலை 4.05, பி பிளாக் லிஃப்ட். மார்ச் ஐந்து, மாலை 4.02, பி பிளாக் லிஃப்ட். பக்கத்துக்குப் பக்கம் தானும் தேதியும். மூன்றாவது பக்கத்தில் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கும் தன் முகம். நிமிர்ந்து ரெஜினாவைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று ரெஜினாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு நோட்டோடு கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு இன்டர்காம் அடித்தார்.

அன்று சாயங்காலமே விசாரணை. குடியிருப்பவர்களின் அந்தரங்கம், பொறுப்பு, ஒழுங்கு என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். எனக்கே என் குரல் பிடித்திருந்தது. வகுப்பு, ஹரிப்ரியா, தேதி போடும் கட்டளை எல்லாவற்றையும் அவள் சொன்னாள். நம்பினேனா என்றால், நம்பினேன். பொய் சொல்லத் தெரிந்த முகம் இல்லை அது. இருந்தாலும் அவளை வேலைக்கு அனுப்பிய செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போன் போட்டு அவளை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "நோட்ட மட்டும் வாங்கிக் குடுங்க சார்."

"அது அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குச் சங்க அலுவலக வாசலில் வந்து நின்றாள். கேளம்பாக்கம் தாண்டி ஏதோ கிடங்கில் கேட் வேலை என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் ஒரு முகம். லோகநாயகி அம்மா. அன்று அங்கிருந்து இறங்கியதும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தே வரைந்தாளாம். நான் படம் பார்க்கத் தெரிந்தவன் இல்லை. ஆனால் அந்தக் கண் என்னையே பார்த்தது. அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஹரிப்ரியா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் அங்கேர்ந்து போவணும், அதான் அவங்களுக்கு வேணும் மேடம்" என்றாளாம் ரெஜினா. மூன்று பேரில் அவளும் ஒருத்தி என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோவில் ஒரு விதி. நிஜ மனிதரை வரைந்தால் அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தர வேண்டும். இல்லையென்றால் வேறொருவரை அதேபோலக் கண் நம்மைப் பார்க்கும்படி வரைந்த தாள் வேண்டும். சனிக்கிழமை ஐந்து மணி, அதாவது அன்றைக்கே, கெடு.

"நான் மேல போவ மாட்டேன் சார். அவங்க பயப்படுவாங்க. நீங்க கேட்டுப் பாக்குறீங்களா?"

போனேன். லோகநாயகி அம்மா ரெஜினாவின் போனிலிருந்த படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த நோட்டு கிழிபடாமல் டீவி பக்கத்தில் இருந்ததைக் கவனித்தேன்.

"சரியாத்தான் போட்டிருக்கா" என்றார். "அன்னிக்கு நான் இப்படித்தான் பயந்தேன். லிஃப்ட்ல என்னை யாரும் பாக்கலன்னு நினைச்சுட்டிருந்தேன் சார். இதை ஊரெல்லாம் பாக்கணுமா? வேண்டாம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கி வந்து சொன்னேன். "சரிங்க சார்" என்று ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டாள். மணி மூன்றே முக்கால். எனக்கு என்ன தோன்றியதோ, "நான் உட்காரட்டுமா? ஒரு மணி நேரம் இருக்கே" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்களுக்கு நடுவில் ஒரு மேஜை அகலம்தான். அவள் நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு வாரமாகத் தூங்கியிருக்க மாட்டாள். என் பார்வை தானாக மேஜைக்கு இறங்கியது.

"சார், என்னப் பாருங்க" என்றாள்.

நிமிர்ந்தேன். அரை நிமிஷம் தாக்குப்பிடித்திருப்பேன். மறுபடியும் மேஜை. அவள் கோபப்படவில்லை, குத்திக்காட்டவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதே குரலில், "என்னப் பாருங்க சார், போதும்" என்று சொல்லிக்கொண்டே வரைந்தாள். நாற்பது பேர் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவன் நான். அந்த ஒரு முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். அனுப்புவதற்கு முன்னால் எனக்கும் காட்டினாள். என் வழுக்கை, என் சட்டைப் பையில் பேனா, எல்லாம் அச்சாக இருந்தது. படத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டுடியோவில் அவளுக்கென்று சொன்ன இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.