பதினாறு பொட்டும் ஒன்பது பேரும்

ஷெட்டுக்குள் கார் இல்லை.

அந்தோணிசாமி தோளில் இருந்த கார்பைடு டின்னை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். நேற்று ராத்திரி மோரிஸ் மைனர் நின்ற இடத்தில் நாலு எண்ணெய்க் கறையும் ஒரு ஈரச் சாக்கும் மட்டும் கிடந்தன. பக்கத்து ஷெட் பெயிண்டர் மண்ணாங்கட்டி வேப்பங்குச்சியால் பல்லைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"என்னா அந்தோணி, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா டின்ன சொமந்துக்கினு நிக்கிற?"

"மோரிஸ் எங்க?"

"வக்கீலு டிரைவரு கண்ணையன் எடுத்துக்கினு போய்ட்டான். ஆறு மணி இருக்கும்."

"யாரக் கேட்டு எடுத்தான்?"

"என்னத்தான் கேட்டான். வேல முடிஞ்சிதாண்ணான்னான். அதான் செவப்பு அடிச்சி வச்சிக்கிறானே, எடுத்துக்கினு போடான்னேன்."

அந்தோணிசாமி டின்னோடு அப்படியே குந்திவிட்டார்.

திண்டிவனத்தில் மெயின்ரோட்டு ஓரமாக ஆறு ஷெட்டுகள். ஆறிலும் ஒரே வழக்கம்தான். துருப்பிடித்ததை வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்து, வெல்டிங் முழுசாக ஓட்டி, சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகுதான் அதன்மேல் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு என்ற சிவப்புப் பூச்சு அடிப்பார்கள். சிவப்பைக் கண்டால் பெயிண்டர் கைவைக்கலாம், டிரைவர் வண்டியை எடுக்கலாம். யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்தோணிசாமி இதை மீறியது ஒரே ஒரு தடவை. நேற்று சாயங்காலம்.

வண்டி, வக்கீல் சீனுவாசனுடையது. ஐம்பத்தைந்தில் அவருடைய அப்பா வாங்கியது. முப்பத்தொரு வருஷத்தில் கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் தகரப் பெட்டி, அப்பளம்போல உதிர ஆரம்பித்திருந்தது. லாரிக்கு இருக்கிற மாதிரி மோரிஸுக்குத் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. அந்த அடிப்பெட்டிதான் முதுகெலும்பு. அது விட்டால் வண்டி நடுவில் மடங்கும்.

வக்கீல் மெட்ராசில் யாரையோ பிடித்து, அச்சில் அடித்த ரெடிமேட் தகரம் இரண்டு வாங்கிவந்தார். "அளவெடுத்து அடிச்சதுப்பா. நீ வெட்டி ஒட்ட வேண்டியதுதான்" என்றார். இடப்பக்கத்துத் தகரம் அரை அங்குலம் கட்டை. வலப்பக்கத்தது முறுக்கிக்கொண்டிருந்தது. கட்டையானதற்குத் துண்டு சேர்த்து, முறுக்கினதைத் தட்டி நிமிர்த்தவே இரண்டு நாள் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம்தான் இரண்டும் இடத்தில் உட்கார்ந்தன. பக்கத்துக்கு எட்டு இடத்தில் பொட்டு வைத்தமாதிரி மட்டும் பற்றவைத்தார். கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வண்டியைச் சக்கரத்தில் இறக்கினார். மூடியது. இனி பொட்டுக்குப் பொட்டு இடைவெளி இல்லாமல் வெல்டிங் ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. வெல்டிங் கேஸ் உண்டாக்க டேங்கில் போட, கார்பைடு டிரம்மைத் திறந்தால், கூரை ஒழுகி, உள்ளே அத்தனையும் சுண்ணாம்புச் சேறு.

வெளியே ஐப்பசி மழை. சாரல் நேராகப் புதுத் தகரத்தில் அடித்தது. விடிவதற்குள் மஞ்சள் துரு பூத்துவிடும். நாளைக்குப் பற்றவைக்கும்போது எப்படியும் எரிந்துவிடப் போகிற சிவப்புதானே என்று ஒரு கை இழுத்துவிட்டார். காலையில் கடைக்காரரை எழுப்பி கார்பைடு வாங்கி, எட்டு மணிக்குள் முடித்துவிடலாம் என்பது கணக்கு. கண்ணையனிடம் சொன்னது ஒன்பது மணி.

"அதுல பொட்டுதான்யா வச்சிக்கிறேன்" என்றார் அந்தோணிசாமி.

மண்ணாங்கட்டியின் வாயில் குச்சி அப்படியே நின்றது. "வெளையாடாத."

"பக்கத்துக்கு எட்டு."

"அப்ப இன்னாத்துக்குய்யா செவப்ப அடிச்ச?"

அந்தோணிசாமி டின்னை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார். எதிரே லாட்ஜுக்கு ஓடி, மேனேஜரிடம் கெஞ்சி, வக்கீல் வீட்டுக்குப் போன் போட்டார். வேலைசெய்யும் பாஞ்சாலி எடுத்தாள்.

"அவங்கல்லாம் விழுப்புரம் கல்யாணத்துக்குப் போய்ட்டாங்களே. ஐயாவோட தங்கச்சி பொண்ணுக்கு."

"வண்டியில எத்தினி பேரு?"

"ஐயா, அம்மா, பொண்ணுங்க ரெண்டு பேரு, பேரப்பசங்க நாலு, டிரைவரு. ஒம்போது. பெரிய பொண்ணு பஸ்ல வர்றேன்னுச்சு. ஐயாதான், வண்டி புதுசாட்டம் ஆயிடுச்சி, ஏறு ஏறுன்னாரு."

அந்தோணிசாமி போனை மேஜையிலேயே போட்டுவிட்டு விழுப்புரம் பஸ்ஸுக்கு ஓடினார். மேனேஜர்தான் எடுத்து வைத்தார்.

அவரை ஷெட்டுக்காரர்கள் 'பயந்த டிங்கர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், கழனிக்கூலிக்குப் போகிற வீட்டில் பிறந்தவர். பதினாலு வயசில் விழுப்புரத்தில் ஒரு பஸ் பாடி கட்டும் யார்டில் சேர்ந்தார். மூணாவது மாசம், காலி என்று நினைத்து ஒருவர் ஒரு டிரம்மில் நெருப்பை வைத்தார். டிரம் காலியில்லை. அன்றைக்குப் புகுந்த பயம் அந்தோணிசாமியை விட்டுப் போகவே இல்லை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தால்தான் தீக்குச்சி உரசுவார். வீட்டில் ஸ்டவ்வை அணைத்த பிறகு இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்ப்பார். "அது ஸ்டவ்வு, புலி இல்ல" என்பாள் பெண்டாட்டி குப்பம்மாள். ஆனால் அந்தப் பயத்தை நம்பித்தான் வண்டிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மற்றவர்கள் துருவின்மேலேயே தகரத்தை வைத்து, பட்டி பூசி மூடிவிடுவார்கள். இவர் மூடமாட்டார். வக்கீலும் அதற்காகத்தான் வந்தார்.

விழுப்புரம் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு வெளியே எது தெரிந்தாலும் குனிந்து பார்த்தார்.

"யோவ், உள்ள போய் ஒக்காரு. எடம் காலியாக் கெடக்குது" என்றார் கண்டக்டர்.

"இங்கியே நிக்கிறேங்க."

"ஏன், அவரு சரியா ஓட்றாரான்னு பாக்கிறியா?"

சிலர் சிரித்தார்கள். அந்தோணிசாமிக்குக் காதில் விழவில்லை. எட்டு எட்டும் பதினாறு. ஒன்பது பேர். ஆளுக்கு இரண்டு பொட்டுகூட இல்லை. அவர் பொட்டுகளை ஒன்பது பேருக்கும் பங்குபோட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் குதிக்கும்போது, இதே பள்ளத்தில் மோரிஸும் குதித்திருக்கும், ஒன்று போயிருக்கும் என்று கழித்துக்கொண்டார். மயிலம் கூட்டுரோடு வருவதற்குள் அவர் கணக்கில் பதினாறும் தீர்ந்துவிட்டன.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் ஜன்னலில் தலையை விட்டு, மல்லாட்டைக் கடலை விற்ற அம்மாவைக் கேட்டார். "பச்சைக் கலர்ல பழைய காரு ஒண்ணு போச்சாம்மா?"

"போச்சே. கண்ணாலத்துக்குப் போற கூட்டம். பசங்கல்லாம் கதவுமேல சாஞ்சிக்கினு கைய ஆட்டிக்கினே போச்சுங்க."

கதவுமேல் சாய்ந்துகொண்டு. பெட்டி மடங்கினால் கதவு மேல்பக்கம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முதலில், கடிப்பதற்கு முன்னால், ஒரு கணம் தளரும். அந்தக் கணத்தில் ஒரு பிள்ளை சாய்ந்திருந்தால்? அவர் நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டார்.

விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் பஸ் வேகம் குறைந்தது. முன்னால் கூட்டம். ரோட்டோரப் பள்ளத்தில் பச்சையாக ஏதோ கவிழ்ந்து கிடந்தது. ஒரு பொம்பளை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ் நிற்பதற்குள் அந்தோணிசாமி குதித்தார். முழங்கால் கிழிந்தது. கூட்டத்தை விலக்க நீட்டிய கை முன்னால் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

கரும்பு டிராக்டர். டிரெயிலரோடு சாய்ந்து, தோகையும் கழியுமாகப் பள்ளம் நிறைந்திருந்தது. டிரைவர் ஒரு கரும்பைக் கடித்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தான். அந்தோணிசாமி அவனைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாய்யா?" என்றான் அவன்.

"ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல."

பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "ஜல்தி ஏறுய்யா, பேஜாரு புடிச்சவனே!"

விழுப்புரத்தில் மண்டபத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. மேளச் சத்தம் ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்டது. மதில் ஓரமாக மோரிஸ் நின்றிருந்தது. நாலு சக்கரத்தில், முழுசாக. அந்தோணிசாமி அதன் பானெட்டில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்தார். தகரம் இன்னும் சூடாக இருந்தது.

கண்ணையன் காப்பி டம்ளரோடு வந்தான். "நீ எங்கண்ணா இங்க? விருந்துக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க. பின்னாடி கதவுதான் தொறக்கல. ஒதைச்சித் தொறந்தேன். நீ டைட்டா வச்சிட்டியா?"

அந்தோணிசாமி ஈரமண்ணில் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தார். வலப்பக்கம் விரலால் தடவி எண்ணினார். ஐந்து. இடப்பக்கம் இரண்டு. சேர்த்த அந்தத் துண்டு தனியாக விட்டுத் தொங்கியது. வெளியே வந்து கண்ணையனிடம் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணையன் டம்ளரைப் பானெட்டின்மேல் வைத்தான்.

"வக்கீலுகிட்ட சொல்லாதண்ணா. உள்ள வச்சிருவாரு, உன்னையும் என்னையும். ஒரு ஒயரப் புடுங்கி உட்டுடு. ஸ்டார்ட் ஆவலன்னு சொல்லி அல்லாரையும் பஸ்ல அனுப்பிட்லாம். யாருக்கும் தெரியாது."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அந்தோணிசாமி பானெட்டைத் தூக்கி ஒயரில் விரலையும் வைத்துவிட்டார். அப்போதுதான் வக்கீலின் மனைவி கிருஷ்ணவேணி, இரண்டு பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்து வாசலில் இறங்கிவந்தார்.

"கண்ணையா, கல்யாணப் புடவை ஒண்ணு டெய்லர் வீட்லயே நின்னுபோச்சாம். ஓடிப்போய் எடுத்துக்கினு வந்துடலாம். இதுங்களையும் ஏத்திக்கோ, உள்ள ஒரே ரகளை." அந்தோணிசாமியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நீயும் வந்திருக்கியா? வேலை நல்லா இருந்துச்சுப்பா. ஒரு சத்தம் இல்ல."

சின்னவன் அதற்குள் கதவைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. காலை ஊன்றி இன்னொரு தடவை இழுத்தான்.

"தொடாத!"

அந்தச் சத்தத்தில் பிள்ளை அழ ஆரம்பித்தது. அந்தோணிசாமிக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது.

"ஏறாதீங்கம்மா. வேல முடியல. நேத்து செவப்பு அடிச்சது எந் தப்பு. கண்ணையனுக்குத் தெரியாது. பொட்டு மட்டுந்தான் வச்சிருந்தேன், பதினாறு. இப்ப ஏழுதான் இருக்குது."

கிருஷ்ணவேணிக்குப் பாதிதான் புரிந்தது. "ஏழு இருந்தா என்ன ஆகும்?"

அந்தோணிசாமி வாயால் சொல்லாமல், வண்டியில் கிடந்த ஸ்குரூடிரைவரை எடுத்து இடப்பக்கத்துத் தகரத்துக்கடியில் விட்டு நெம்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். தகரம் நாய் நாக்கைத் தொங்கவிட்டதுபோல் விழுந்தது. உள்ளே வெறும் இருட்டு.

அந்தம்மா பேரப்பிள்ளைகளின் தலைகளை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார். "நான் இந்தப் பக்கம்தான் ஒக்காந்து வந்தேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

வக்கீல் சீனுவாசன் வந்தபோது பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவர் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது உதடு துடித்தது. "கோர்ட்டுல எத்தினியோ கொலகாரனப் பாத்துட்டேன்டா. ஒருத்தன்கூட செவப்பு அடிச்சி என் கையில குடுக்கல."

"தப்புதாங்க ஐயா."

"ஊருலயே நீதான் பயந்தவன்னு சொன்னாங்க. அத நம்பிக் குடுத்தேன்."

கிருஷ்ணவேணி குறுக்கே வந்தார். "பயந்தவன்தான். அதான் ஓடி வந்திருக்கான். முழங்காலப் பாருங்க." பிறகு அந்தோணிசாமியைப் பார்க்காமலே சொன்னார்: "இது இங்க நிக்க வேணாம். பசங்க திரும்பத் திரும்ப வந்து ஏறுவாங்க. எடுத்துக்கினு போயிடு."

அவர் வேலை கற்ற பஸ் யார்டு திருச்சி ரோட்டில், ஒன்றரை மைல். அங்கே கேஸ் இருக்கும். கண்ணையன் கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் ஓட்டமாட்டேம்பா. எனக்குப் புள்ள குட்டி இருக்குது."

"எனக்கு மட்டும் ஆடு மாடா இருக்குது?"

"பொட்டு வச்சது யாரு?"

அந்தோணிசாமிக்கு லைசென்ஸ் கிடையாது. ஷெட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தியதோடு சரி. தொங்கிய தகரத்தைக் கயிற்றால் கட்டினார், உள்ளே ஏறினார், சாவியைத் திருப்பினார். முதல் கியரில், நடக்கிற ஆளுக்குப் பின்னால் போகிற வேகம். சைக்கிள்காரர்கள் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டவுன்பஸ் பின்னாலேயே ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. காலுக்கடியில் தரை மூச்சுவிடுவதுபோல் மேலும் கீழும் போயிற்று. கல்வெர்ட்டில் ஏறும்போது வலப்பக்கம் ஒன்று விட்டது. இறங்கும்போது இன்னொன்று. சட்டை நனைந்து சீட்டில் ஒட்டியது. மாதாவைக் கூப்பிட நினைத்தார். பெயர் வாய்க்கு வரவில்லை. எண்கள்தான் வந்தன. நாலு, நாலு, நாலு. பிறகு மூணு.

யார்டு கேட்டுக்குள் நுழைந்து என்ஜினை அணைத்ததும், நாலு கதவும் ஒரே நேரத்தில் முனகின. அவர் பக்கத்துக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். வண்டி நடுவில் ஒரு விரற்கடை இறங்கி, கதவை மேலே கவ்விக்கொண்டிருந்தது. யார்டு மேஸ்திரி இருதயராஜ் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்.

"அந்தோணி, எறங்குற உத்தேசம் இருக்குதா?"

"கண்ணாடிய எறக்குறேன். கையப் புடிங்க."

ஜன்னல் வழியாகத் தலையும் தோளும் வந்தன. மேஸ்திரி இழுத்தார். முழங்கால் விளிம்பில் இன்னொரு தடவை சிராய்த்தது. கீழே விழுந்தவர் எழுந்ததும் முதலில் பின்பக்கம் போய் பெட்ரோல் டேங்கின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஸ்பேனர் நட்டில் உட்காராமல் 'கடகட'வென்று தட்டியது. மேஸ்திரி அவர் மணிக்கட்டைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் நிற்கவில்லை. நிற்கிறவரை இருவரும் காத்திருந்தார்கள்.